ஒன்பதின்மரும் விடுபட்டோரும்: ஆசாரக்கோவை வாசிப்பில் ஒரு திருத்தம்

மின்னலையும் விழும் விண்மீனையும் பார்க்கலாகாது. நீரில் தன் நிழலைக் குனிந்து நோக்கலாகாது. இரவில் மரத்தடியை அண்டக் கூடாது, நிலத்தைக் கீறக் கூடாது. வெளியே புறப்படுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவோ, அவ்வேளையில் தும்மவோ, எங்கே போகிறீர்கள் என்று மறந்தும் கேட்கவோ கூடாது. பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவையின் நூறு வெண்பாக்களிலும் இத்தகைய அறிவுரைகள் விரவிக் கிடக்கின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்னது இன்னும் பல வீடுகளில் உயிரோடிருக்கிறது.

பதினெண்கீழ்க்கணக்கில் திருக்குறளும் நாலடியாரும் பெற்ற ஆய்வுக் கவனத்தில் சிறு பங்குகூட இந்நூலுக்குக் கிடைக்கவில்லை. எடுத்துப் பேசுவோரும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: முன்னோரின் மறைபொருள் அறிவியல் என்று கொண்டாடுகிறார்கள், அல்லது மூடநம்பிக்கை என்று சிரித்துத் தள்ளுகிறார்கள். இரண்டுமே நூலைப் படிக்காமல் தாண்டிச் செல்லும் வழிகள் என்பது என் வாதம்.

அறிவியல் வாசிப்புக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று வடக்கே தலைவைத்துப் படுக்கலாகாது என்னும் விதி. பூமியின் காந்தப்புலம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பாடலை முழுதாகப் பார்க்க வேண்டும். படுக்கும்போது கைகூப்பித் தெய்வத்தைத் தொழ வேண்டும். வடக்கிலும் கோணத் திசைகளிலும் தலைவைக்கக் கூடாது. மேலே போர்த்திக்கொண்டு உறங்க வேண்டும். காந்தப்புலம் கோணத் திசைகளை விளக்காது, போர்வையையும் தொழுகையையும் விளக்கவே விளக்காது. நான்கையும் ஒரே மூச்சில் சொல்லும் புலவருக்கு அவை ஒரே வகைப் பொருள்கள். உறங்கும் நேரத்திலும் உடல் ஒழுங்கு குலையாமல் இருக்க வேண்டும் என்பதே அவருடைய அக்கறை.

மின்னலைப் பற்றிய விதிக்கு முள்ளியாரே காரணம் தருகிறார்: தமக்கு ஒளி வேண்டுவோர் இவற்றைப் பார்க்க மாட்டார்கள். அதே பட்டியலில் வேசையரின் கோலமும் இடம்பெறுகிறது. ஆகவே கண்ணொளியை மட்டுமல்ல, ஊரார் பார்வையில் ஒருவருக்குள்ள மதிப்பையும் சேர்த்தே அவர் காக்க நினைக்கிறார். பெரியோர் முன்னிலையில் சிரிப்பு, கொட்டாவி, காறல், தும்மல் ஆகியவற்றை விலக்கும் பாடலையும், பந்தியில் பெரியோருக்கு முன் உண்ணத் தொடங்காமலும் முந்தி எழாமலும் இருக்கச் சொல்லும் பாடலையும் இதனோடு வைத்துப் படித்தால், பிறர் கண்முன் வாழும் உடலுக்கான இலக்கணத்தை நூல் வகுக்கிறது என்பது தெளிவாகும்.

அந்த இலக்கணம் யாருக்கு? ஒற்றை ஆடையோடு உண்ணாதே, ஒற்றை ஆடையோடு அவைக்குச் செல்லாதே என்ற விதி, இரண்டாவது ஆடை உள்ளவனிடம்தான் பேச முடியும். உணவில் இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் மற்றவற்றை இடையிலும் கொள்ளச் சொல்லும் பாடல், பல கறிகள் பரிமாறப்படும் இலையைக் கற்பனை செய்கிறது. முள்ளியார் இதை அறியாதவர் அல்லர். நூலின் இறுதிப் பாடலில் ஒன்பது பேரை ஆசாரத்திலிருந்து விடுவிக்கிறார்: அயல் தேசத்தான், வறியவன், முதியவன், சிறுவன், உயிரிழந்தவன், அஞ்சியவன், உண்டுகொண்டிருப்பவன், அரச காரியம் தலைமேற்கொண்டவன், மணமகன். நூறு பாடல்களைக் கட்டி முடித்தபின் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைப்பது சாதாரணச் செயலன்று. கடைப்பிடிக்க இயலாதவனைக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற கரிசனம் இதில் இருக்கிறது. நான் இந்நூலை மதிப்பதற்கு முதற்காரணம் இப்பாடலே.

ஐரோப்பாவிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. எராஸ்மஸ் 1530இல் சிறுவர்களுக்காக இலத்தீனில் எழுதிய நடத்தைக் கையேடு, தொப்பியிலோ ஆடையிலோ மூக்கைத் துடைப்பது நாட்டுப்புறத்தானின் வழக்கம் என்றும், முழங்கையில் துடைப்பது மீன் விற்பவனின் வழக்கம் என்றும் சொல்கிறது. நோர்பர்ட் எலியாஸ் 1939இல் வெளியிட்ட ஆய்வில் இக்கையேட்டை முக்கியச் சான்றாக்கி, வெட்க உணர்வின் எல்லை நூற்றாண்டுகளூடே எப்படி விரிந்தது என்று காட்டினார். ஆனால் எராஸ்மஸின் முடிவுரையையும் கவனிக்க வேண்டும்: பிறருடைய பிழைகளை எளிதில் மன்னிப்பதே நாகரிகத்தின் பெரும்பகுதி என்கிறார் அவர். அவர் பொறுமையைப் பார்ப்பவரிடம் கேட்கிறார். முள்ளியாரோ விதியின் வரம்பையே குறுக்குகிறார். அவ்வகையில் முள்ளியாரின் தீர்வு உறுதியானது, ஏனெனில் அது யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பியிருக்கவில்லை.

எனினும் அந்த ஒன்பதின்மரின் பட்டியலை விடுபட்டோரோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். நீராட வேண்டிய பத்துச் சமயங்களுள் கீழ்மக்களின் உடலைத் தீண்டியதும் ஒன்றாக எண்ணப்படுகிறது. தீண்டாநாள் மூன்றிலும் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று கணவனுக்கு விதி உண்டு. இம்மனிதர்கள் விதிக்குக் கட்டுப்பட்டவராகவும் வரவில்லை, விலக்குப் பெற்றவராகவும் வரவில்லை. மற்றொருவனின் தூய்மைக்கு வந்த இடையூறாக மட்டுமே வருகிறார்கள். வறியவனுக்கு இரங்கிய அதே நூல் இவர்களை முன்னிலைப்படுத்திப் பேசவே இல்லை. விழும் விண்மீனைப் பார்க்காதே என்பதைப் படித்து வியப்போர், அதே நூலில் தீண்டலுக்குப் பின் குளிக்கச் சொல்லும் விதியையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும்; முன்னது வழக்கிலிருந்து கழிந்தது, பின்னதை ஒழிக்க 1950இல் அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பு தேவைப்பட்டது.