பணக்கணக்கை எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?

போன மாசம் என் ஃப்ரெண்ட் ஒருத்தி ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணா. பணம் அனுப்புற ஆப் ஒண்ணுல என்ஜினியரா இருக்கா. "நாங்க என்ன கட்டுறோம், எங்க சறுக்கினோம்னு பொதுவுல எழுதணும்னு டீம்ல எல்லாருக்கும் ஆசை. மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'நம்ம வேலை பணத்தைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்குறது. உள்ள நடக்குறதை எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?' எனக்குப் பதில் வரல. நீதான் எதுக்கெடுத்தாலும் ஹிஸ்டரின்னு ஆரம்பிப்பியே, சொல்லேன்" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனா புதுக் கேள்வி இல்ல. ஐந்நூறு வருஷத்துக்கு மேல வயசு இருக்கு அதுக்கு.

1494, வெனிஸ். அன்றைய ஐரோப்பிய வியாபாரத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அங்கே இருந்த வியாபாரிகளிடம் ஒரு வித்தை இருந்தது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதுவார்கள், ஒரு பக்கம் பற்று, இன்னொரு பக்கம் வரவு. கடைசியில் இரண்டு பக்கமும் கூட்டினால் சமமா வரணும். வரலைன்னா எங்கேயோ தப்பு. இரட்டைப் பதிவு முறைன்னு காமர்ஸ் படிச்சவங்க சொல்வாங்களே, அதேதான். இன்னைக்கு உங்க போன்ல ஓடுற பேமெண்ட் ஆப்புக்குப் பின்னாடியும் பெரும்பாலும் இந்தப் பேரேடுதான் இருக்கு.

இந்த முறையை அச்சில் விளக்கியவர் லூக்கா பாச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி. கணித ஆசிரியர், லியொனார்டோ டாவின்சிக்கே கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அந்த வருஷம் வெனிஸில் அவர் வெளியிட்ட பெரிய கணிதப் புத்தகத்தில் ஒரு சின்னப் பகுதி முழுக்கக் கணக்கெழுதும் முறை. அன்றைக்கு அறிஞர்கள் எழுதிய லத்தீனில் எழுதாமல், கடைக்காரனுக்கும் புரியுற இத்தாலிய மொழியில் எழுதினார்.

கவனிங்க, பாச்சோலி இதைக் கண்டுபிடிக்கல. 'வெனிஸ்காரங்க இப்படித்தான் எழுதுறாங்க' என்று அவரே சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். அதைவிட, அவருக்கு முன்னாடியே ஒருத்தர் இதைப் பத்தி எழுதியிருந்தார். பெனடெட்டோ கொத்ருல்யி, இன்றைய குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கைச் சேர்ந்த வியாபாரி. அவர் எழுதி முடித்தது 1458-ல். ஆனா அச்சுக்கு வந்தது 1573-ல்! நூத்திப் பதினைஞ்சு வருஷம் கையெழுத்துப் பிரதியாவே கிடந்தது. அதனால இன்னைக்கும் 'கணக்கியலின் தந்தை' பட்டம் பாச்சோலிக்குத்தான். தெரிஞ்சவர் பலர் இருந்தாங்க. ஊருக்கு எடுத்துச் சொன்னவர் பேர்தான் நின்னுது, அந்த முறையும் ஐரோப்பா முழுக்கப் பரவுச்சு.

சரி, இது சந்தோஷமான கதை. சொல்லாம மூடி வச்சா என்ன ஆகும்? அதுக்கு இங்கிலாந்துக்குப் போகணும்.

1990-களின் தொடக்கம். ஏடிஎம் மெஷின் வந்து கால் நூற்றாண்டு ஆகிடுச்சு. 'நான் எடுக்காத பணம் என் கணக்குல இருந்து போயிருக்கு' என்று பலர் புகார் சொல்ல ஆரம்பிச்சாங்க. வங்கிகள் சொன்ன பதில்: எங்க சிஸ்டம் தப்பு பண்ணாது, நீங்களோ உங்க வீட்டு ஆளோதான் எடுத்திருக்கணும். அப்படிப் புகார் கொடுத்த ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் மேலேயே மோசடி முயற்சி கேஸ் போட்டாங்க. 1994-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில், கம்ப்யூட்டரை எங்க நிபுணர் பார்க்கணும் என்று அவர் தரப்பு கேட்டது. வங்கி காட்ட மறுத்தது. 1996-ல் அவர் விடுதலையானார். நடுவுல போன வருஷங்களை யாரும் திருப்பித் தரல.

கேம்பிரிட்ஜில் ராஸ் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் இந்த மாதிரி சம்பவங்களைத் தோண்டி, 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சினிமால வர்ற மாதிரி யாரும் ரகசியக் குறியீட்டை உடைக்கல என்று அதில் காட்டினார். தபால்ல வந்த கார்டைத் திருடினாங்க, உள்ள இருந்த ஊழியரே கை வச்சாங்க, மென்பொருள்ல ஓட்டை இருந்துச்சு. எல்லாம் சாதாரணத் தப்பு. ஆனா திரும்பத் திரும்ப நடந்த தப்பு. ஏன்? விமானம் விழுந்தா விசாரணை நடக்கும், காரணம் வெளியே வரும், அடுத்த விமானத்தைக் கட்டுறவங்க அதைப் படிப்பாங்க. வங்கியில நடந்த தப்பு வங்கிக்குள்ளேயே புதைஞ்சு போகும். பக்கத்து வங்கி அதே குழியில விழும். ஆண்டர்சனோட வாதத்தின் சாரம் இதுதான்.

அந்த நாடு இதிலிருந்து பாடம் கத்துக்கிச்சான்னு கேட்டா, அங்கதான் மனசு கனக்குது.

1999-ல் பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸ், ஹொரைஸன் என்ற கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் வைக்கத் தொடங்கியது. ஃபுஜிட்சு கம்பெனி நடத்தியது. கிளையை நடத்தின சப்-போஸ்ட்மாஸ்டர்கள் பெரும்பாலும் சின்னக் கடைக்காரங்க. திடீர்னு கணக்கில் ஆயிரக்கணக்கான பவுண்டு குறைஞ்சதா திரை காட்டும். ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணா, 'வேற யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே' என்று பதில் வந்ததா பலர் பின்னாடி சாட்சி சொன்னாங்க. 2015 வரைக்கும் 900-க்கும் மேற்பட்டவங்க திருட்டு, பொய்க்கணக்கு மாதிரியான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டாங்க. 2010-ல் வயித்துல குழந்தையோட ஒரு பெண் ஜெயிலுக்குப் போனாங்க. சிலர் உயிரை விட்டாங்க.

இவ்வளவுக்கும் நடுவுல, ஃபுஜிட்சுவுக்குள்ளே 'தெரிந்த பிழைகள்' என்று ஒரு பதிவேடே இருந்தது! உள்ளே இருந்த என்ஜினியர்கள் பிழையைப் பார்த்தாங்க, எழுதியும் வச்சாங்க. கிளையில உட்கார்ந்து அழுதவங்களுக்கு மட்டும் அது தெரியல. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில், 2019 டிசம்பரில், மென்பொருளில் பிழைகள் இருந்தன, கணக்கில் காட்டிய குறைவுக்கு அவை காரணமாக இருக்க முடியும் என்று நீதிமன்றம் சொன்னது. 2024-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து பண்ண முடிஞ்சது.

இதையெல்லாம் சொன்னப்போ என் ஃப்ரெண்ட் கேட்டா: "எல்லாத்தையும் வெளியில சொன்னா திருடனுக்கு வழி காட்டுன மாதிரி ஆகாதா?"

அதுக்கும் பழைய பதில் இருக்கு. 1883-ல் பாரிஸில் இருந்த ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்ற மொழிப் பேராசிரியர் ராணுவ ரகசியக் குறியீடு பத்தி எழுதினார். அவர் சொன்ன விதி: உன் கருவி முழுசா எதிரி கையில சிக்கினாலும் உனக்கு ஆபத்து வரக்கூடாது. சாவியை மட்டும் மறைச்சு வை. பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதுமே திறந்துடுதுன்னா, அது பூட்டே இல்ல. வாடிக்கையாளர் விவரம், கடவுச்சொல், இன்னும் அடைக்காத ஓட்டை, இதெல்லாம் வாயைத் திறக்கக்கூடாத சங்கதி. அடைச்ச ஓட்டையைப் பத்திச் சொல்றதுல என்ன கௌரவக் குறைச்சல்?

போன வாரம் அவ டீம் எழுதின முதல் கட்டுரையை அனுப்பினா. அவங்க சிஸ்டத்தில் ஒரு நாள், நெட் விட்டு விட்டு வந்ததில் ஒரே பணம் இரண்டு தடவை போயிருக்கு. ஆப் 'போச்சா, போகலையா' என்று தெரியாம திரும்ப அனுப்பிடுச்சு. இப்போ ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுக்கிறாங்க; அதே எண் மறுபடி வந்தா சிஸ்டம் புதுசா பணம் எடுக்காது, பழைய பதிலையே திருப்பித் தரும். இதை எளிமையா நாலு பக்கத்துல எழுதியிருந்தா. கடைசி வரி: 'உங்களில் யாருக்காவது பணம் இரண்டு தடவை போயிருந்தால், அது உங்கள் தப்பு இல்லை.'

மேனேஜர் அந்த வரியை வெட்டச் சொன்னாராம். இவ வெட்டலையாம். அப்புறம் அவரே விட்டுட்டாராம்.

ஹொரைஸன் கிளைகளில் யாராவது ஒருத்தர் அந்த ஒரு வரியைச் சரியான நேரத்தில் சொல்லியிருந்தால் என்று யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.