எண்ணெய்க் கத்தரிக்காய்

பிஞ்சுக் கத்தரிக்காயைக் காம்போடு முழுதாகக் கீறி, வறுத்தரைத்த மசாலாவை அடைத்து, நல்லெண்ணெயில் வதக்கிப் புளிக்கரைசலில் சுண்டவிடும் தமிழ்நாட்டுச் சமையல் எண்ணெய்க் கத்தரிக்காய். சற்றுத் தளர இறக்கினால் குழம்பு, நன்றாகச் சுண்டினால் கறி. மசாலா வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் எள் தூக்கலாக இருக்கும், இன்னொரு வீட்டில் தேங்காயே இருக்காது. மாறாத விதி ஒன்றே: புளி ஊற்றுவதற்கு முன் காய் எண்ணெயிலேயே முக்கால் பதம் வெந்துவிட வேண்டும். வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. இன்றைய சேர்மானங்களில் சில கடல் கடந்து பிற்காலத்தில் வந்தவை. கத்தரியைக் கொழுப்பில் வேகவைக்கும் வழக்கம் அவற்றுக்கு முந்தியது.

1753இல் லின்னேயஸ் சொலானம் மெலோஞ்சினா என்று பெயரிட்ட கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கத்தரி ஆசியாவுக்கே உரியது. இதன் மூதாதை என்று தாவரவியலார் கருதும் காட்டுச் செடி முள் அடர்ந்தது, காய் சிறிது, கசப்பு மிகுதி. கசப்பையும் முள்ளையும் தலைமுறை தலைமுறையாகக் குறைத்துக்கொண்டே வந்தது உழவர்களின் வேலை.

இந்தியச் சமையலில் கத்தரியின் மிகப் பழைய தடயங்களில் ஒன்று ஹரியானாவின் ஃபர்மானாவில் கிடைத்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சிந்துவெளிக் கால ஊரின் பாத்திரங்களிலும் மனிதப் பற்களிலும் ஒட்டியிருந்த மாவுச்சத்துத் துகள்களை அருணிமா காஷ்யப்பும் ஸ்டீவ் வெபரும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். மஞ்சள், இஞ்சி, கத்தரி ஆகியவற்றின் துகள்கள் தெரியவந்தன. உலகின் முதல் குழம்பு இதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. அது மிகை. மூன்றும் அந்த ஊர் மக்களின் உணவில் இருந்தன என்பதைத்தான் துகள்கள் சொல்கின்றன. ஒரே சட்டியில் கொதித்தனவா என்பதைச் சொல்லவில்லை. ஆனாலும் மஞ்சளும் இஞ்சியும் கத்தரியும் இவ்வளவு காலமாக ஒரே அடுக்களையில் இருந்துவந்திருப்பது சாதாரணச் செய்தியல்ல.

தமிழில் கத்தரிக்குப் பழைய பெயர் வழுதுணை. கேரளத்தில் இன்றும் வழுதனங்ஙா என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று புல்வேளூர்ப் பூதன் இட்ட விருந்தைப் போற்றுகிறது. வரகரிசிச் சோறு, வழுதுணங்காய் வாட்டு, புளித்த மோர் ஆகியவையே அந்த விருந்து. எளிய வீட்டில் வந்தவருக்கு இடத் தகுந்த கறியாக வாட்டிய கத்தரிக்காய் இருந்திருக்கிறது.

அரண்மனைச் சமையல் வேறு வழியில் போனது. கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்தில் கத்தரிக்காயைக் குடைந்து, கொத்திய இறைச்சியை உள்ளே வைத்து, எண்ணெயில் பொரிக்கும் முறை வருகிறது. உள்ளே அடைப்பது, எண்ணெயில் வேகவிடுவது என்ற இரண்டுமே அப்போதே கைவந்த வித்தைகள். அக்பர் காலத்தில் அபுல் ஃபஸல் எழுதிய அயினி அக்பரி அளவோடு கணக்குத் தருகிறது: 10 சேர் கத்தரிக்காய்க்கு ஒன்றரை சேர் நெய், மூன்றே முக்கால் சேர் வெங்காயம், அதோடு இஞ்சி, எலுமிச்சைச் சாறு, மிளகு, மல்லி, கிராம்பு, ஏலம், பெருங்காயம். காயின் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நெய்! நெய்யின் இடத்தில் நல்லெண்ணெயையும், எலுமிச்சையின் இடத்தில் புளியையும், மிளகின் இடத்தில் மிளகாயையும் வைத்துப் பாருங்கள். நம் வீட்டுச் சட்டியின் அமைப்பு பெரும்பாலும் வந்துவிடும்.

அந்தக் கணக்கில் மிளகாய் இல்லாததைக் கவனிக்க வேண்டும். போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்த மிளகாய், ஊர் ஊராகப் பரவி மிளகின் வேலையைப் பறித்துக்கொண்டது. நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுப் பக்கம் அது பெரும்பயிரானது. புதுச்சேரியில் கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்று அழைக்கப்படும் இந்தக் கடலை, மசாலாவில் எள்ளோடு பங்குபோட வந்தது. தக்காளி எல்லோருக்கும் பின்னால் நுழைந்தது. புளி தரும் ஆழமான புளிப்பைத் தக்காளி தராது என்பதால், பழைய கைப்பக்குவம் உள்ளவர்கள் இதில் தக்காளி சேர்ப்பதில்லை, சேர்க்காமலிருப்பதே சரி.

செய்முறையில் முதல் வேலை சந்தையிலேயே தொடங்குகிறது. காம்பு பச்சையாகவும் தோல் மினுமினுப்பாகவும் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும். ஊசிமுனைத் துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கும். முற்றிய காயில் விதை பழுத்துக் கசக்கும். மசாலாவால் அதை மறைக்க முடியாது. காம்பை நறுக்காமல், அடியிலிருந்து நாலாகக் கீறி, காம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் கத்தியை நிறுத்துவார்கள். கீறிய காயை உடனே உப்புத் தண்ணீரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் காயிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் நொதியோடு வினைபுரிந்து சதை கறுத்துவிடும்.

மல்லி, கடலைப்பருப்பு, வரமிளகாய், சிறிது வெந்தயம், எள், தேங்காய்த் துருவல் ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து, கொரகொரப்பாக அரைத்து, உப்புச் சேர்த்துக் காய்க்குள் அடைப்பார்கள். கனமான சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, காய்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, தீயைக் குறைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிவிட வேண்டும். கத்தரிச் சதை நெடுகக் காற்றறைகள். பஞ்சைப்போல எண்ணெயை முதலில் குடித்துவிடும். இங்கேதான் அனுபவமில்லாதவர்கள் பயந்து மேலும் எண்ணெய் ஊற்றுகிறார்கள், அல்லது தண்ணீர் தெளித்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். சூட்டில் அறைகள் சரிந்து சதை குழையும்போது குடித்த எண்ணெயில் ஒரு பகுதியைக் காய் தானே கக்கிவிடும். தோல் சுருங்கி, காம்பைப் பிடித்துத் தூக்கினால் காய் துவண்டு வளைய வேண்டும். அதுவே புளி ஊற்றும் நேரம். முன்னதாக ஊற்றினால், புளிப்பு காயின் பெக்டினை இளகவிடாது. எவ்வளவு கொதித்தாலும் நடுச்சதை நறுக்கென்றே நிற்கும். கடைசியில் கொட்டைப்பாக்களவு வெல்லம். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வந்தால் இறக்கலாம்.

இந்த உணவுக்குச் சொந்தபந்தம் ஏராளம். கன்னட நாட்டு எண்ணெகாயி, ஆந்திரத்துக் குத்தி வங்காய கூர, மராட்டியரின் பரலி வாங்கி எல்லாமே கீறி அடைத்தவை. ஹைதராபாத்தின் பகாரா பைங்கன் எள், நிலக்கடலை, தேங்காய் மூன்றையும் அரைத்துப் புளியில் கூட்டுவது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிரியாணிக்குப் பக்கத்துணையாக வரும் கத்தரிக்காய்க்கும் அதே சாயல். யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயைத் தனியே பொரித்தெடுத்து, தேங்காய்ப்பாலும் புளியும் சேர்த்துக் குழம்பாக்குவார்கள்.

அண்மைக்கால வரலாறு அடுப்பைவிட வயலில்தான் அதிகம். தண்டையும் காயையும் துளைக்கும் புழு கத்தரி உழவரை அடிக்கடி மருந்தடிக்க வைக்கிறது. அதற்கு மாற்றாக மரபணு மாற்றிய பிடி கத்தரியை 2009 அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதல் குழு ஏற்றது. நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்ப, ஏழு நகரங்களில் கருத்துக் கேட்ட சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013இல் அனுமதி கொடுத்தது. அந்த விவாதத்தில் உள்ளூர் ரகங்களின் பெயர்கள் பொதுவெளியில் ஒலித்தது பெரிய நன்மை. உடுப்பிப் பக்கத்து மட்டு குள்ளாவுக்கு 2011இலும், வேலூர் மாவட்டம் இலவம்பாடியின் முள்ளுக் கத்தரிக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்டிலும் இலையிலும் காம்பிலும் முள் கொண்ட இலவம்பாடிக் காயைப் பறிப்பவர்களுக்குக் கை கிழியும். இந்தச் சமையலுக்குக் கீறும்போதும் காம்பு முள்ளை முதலில் கத்தியால் சுரண்டிவிட வேண்டும்.