கேள்வித்தாளுக்கு அப்பால்

நான் உளவியல் படித்தவன் அல்லன், பிழைப்பு மென்பொருள். நிரலில் கோளாறு என்றால் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்துவிடுவோம். மனநோயில் அந்த வசதி இல்லை. மனச்சிதைவு நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. தைராய்டு கோளாறு போன்ற பிற காரணங்களை விலக்கத்தான் பரிசோதனைகள் உதவுகின்றன. இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் நேர்காணல்தான் முக்கியக் கருவி. உளவியல் பட்டம் வாங்கிய கையோடு அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர் என்ன செய்ய வேண்டும்?

அனுபவசாலிகளே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1971இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நோயாளியைப் பற்றி அமெரிக்க, பிரிட்டிஷ் மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். மனச்சிதைவு என்று சொன்ன அமெரிக்கர்கள் 69 சதவீதம். பிரிட்டிஷார் 2 சதவீதம். நோயாளி ஒருவர்தான், மருத்துவர்கள் பயின்ற மரபுதான் வேறு.

இத்தகைய குழப்பத்தைக் குறைக்கவே வரையறுக்கப்பட்ட நேர்காணல்கள் வளர்ந்தன. லண்டனில் ஜான் விங் குழுவினர் உருவாக்கிய கேள்வித் தொகுப்பின் ஒன்பதாம் பதிப்பு 1974இல் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் ஒவ்வொரு நோய்க்கும் தெளிவான அளவுகோல்களை வகுத்தது. மருத்துவர்களின் முடிவுகளுக்கு இடையே இருந்த இடைவெளி குறைந்தது.

ஆனால் கேள்வித்தாள் கையில் இருந்தால் மட்டும் போதாது. குனிந்து கட்டங்களை நிரப்புகிறவர் நோயாளியின் முகத்தைத் தவறவிடுவார். உடை, பேச்சின் வேகம், கண்ணில் தெரியும் பயம், பேச்சு தடம் மாறும் இடம் இவையெல்லாம் கேட்டு அறிவன அல்ல, பார்த்து அறிவன. அதனால்தான் முதலில் பொதுவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சில நிமிடங்கள் நோயாளியைப் பேசவிடச் சொல்கிறார்கள்.

'பக்கத்து வீட்டுக்காரர் என் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்' என்கிறார் ஒருவர் என்று வையுங்கள். 'அப்படியெல்லாம் இருக்காது' என்றால் அவர் வாயை மூடிக்கொள்வார். 'ஆமாம்' என்றால் அது பொய். 'எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? அவரை என்ன செய்யலாம் என்று நினைத்ததுண்டா?' என்று கேட்கலாம். அவர் பட்டினி கிடக்கிறாரா, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபத்து உண்டா என்பதும் அப்போது தெரியவரும்.

புதியவர்கள் அதிகம் தயங்கும் கேள்வி தற்கொலை பற்றியது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம். அப்படி நேர்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. 'சாக வேண்டும் என்று தோன்றியதா? அதற்கு ஏதாவது வழி யோசித்து வைத்திருக்கிறீர்களா?' என்று நேராகவே கேட்க வேண்டும். நாசூக்குப் பார்த்து விட்டுவிட்டால் ஓர் உயிர் போகலாம்.

வெளிநாட்டில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'நெஞ்செல்லாம் எரியுது, மனசு சரியில்லை' என்கிற பாட்டியின் பேச்சைப் பேரன் மொழிபெயர்க்கிறான். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கிடைத்துவிடும். மனது அப்படியே நிற்கும். மருமகளைப் பற்றியோ, சாகத் தோன்றுவதைப் பற்றியோ பேரன் எதிரில் பாட்டி வாய் திறப்பாரா? குடும்பத்தார் தாங்கள் கண்டதைத் தனியாகச் சொல்லலாம், அதுவும் அவசியம்தான். ஆனால் மொழிபெயர்க்க வெளியாளைக் கேளுங்கள். பல நாடுகளின் மருத்துவமனைகளில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது.