பள்ளியும் காப்பிக் கடையும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் முதற்கண் அரண்மனையையும் கோயிலையும் நாடுவர். அது முறையே. ஆயின் உழைக்கும் மக்களின் வரலாற்றை அறிய வேண்டின், அவர்தம் பிள்ளைகள் பயின்ற பள்ளியையும், வேலை ஓய்ந்தபின் அவர்கள் கூடிய இடத்தையும் காணுதல் வேண்டும்.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகருக்கு அருகே சால்ட்டேர் என்னும் ஆலை ஊர் ஒன்று உண்டு. கம்பளி ஆலை முதலாளியாகிய டைட்டஸ் சால்ட் என்பவர் 1853-இல் அங்கே பெரிய ஆலையைத் திறந்தார். தொழிலாளர்க்கென 800-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1868-இல் பள்ளியும் வந்தது. மதுக்கடைக்கு மட்டும் ஊருக்குள் இடமில்லை. மதுவின்றி மக்கள் கூடிப் பேசவும் படிக்கவும் நூலகத்தோடு கூடிய மன்றம் ஒன்று 1871-இல் அமைந்தது. 2001-இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நல்ல பணியே, எனினும் தொழிலாளர் எங்கே கூடலாம் என்பதை முதலாளி ஒருவரே முடிவு செய்தார் என்பதையும் மறத்தற்கில்லை.

நாம் வாழும் திருவனந்தபுரம் ஆலை ஊர் அன்று, அரசர் ஊர். ஆயினும் கட்டியவர் யார், கதவைத் திறந்தவர் யார் என்று இங்கும் கேட்கலாம்.

சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1834-இல், இங்கே ஆங்கிலப் பள்ளி தொடங்கிற்று. 1866-இல், ஆயிலியம் திருநாள் ஆட்சியில், அது மகாராஜா கல்லூரியாக உயர்ந்தது. பாளையத்தில் இன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக விளங்குவது அதுவே. 1891-இல் ‘மனோன்மணீயம்’ தந்த பெ. சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராய் அமர்ந்த இடமும் அதுவே. தமிழராகிய நாம் அதனைப் பெருமிதத்தோடு நோக்குவது இயல்பு.

ஆனால் திருவிதாங்கூரின் பள்ளிக் கதவுகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டினார். ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் பஞ்சமி என்னும் சிறுமியை அழைத்துச் சென்றபோது, எதிர்த்தோர் பள்ளிக்கே தீ வைத்தனர். இன்று அப்பள்ளி அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. கட்டியது அரசு, கதவைத் திறந்தது உழைப்போரின் உறுதி.

இனி, தம்பானூர் புகைவண்டி நிலையத்தின் அருகே நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸைக் காண்போம். 1950-களில் காப்பி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர், ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். கேரளத்தின் முதற் கடை 1958-இல் திருச்சூரில் திறக்கப்பட்டது. பரிமாறியவர்களே உரிமையாளர் ஆயினர்! தம்பானூர்க் கடையைச் சமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-இல் இந்நகரிலேயே மறைந்தவர். செங்கல்லால் வட்டமாய் எழுந்த அக்கட்டடத்தில் படிகளுக்கு மாறாகச் சரிவுப் பாதை சுழன்று ஏறுகிறது. அதன் ஓரமாகவே மேசைகளும் இருக்கைகளும் அமைந்துள்ளன. சுவரின் துளைகள் காற்றையும் ஒளியையும் தருகின்றன. மூட்டை முடிச்சோடு வந்த பயணியும் அலுவலரும் அருகருகே அமர்ந்து காப்பி அருந்தலாம்.

பிழைப்பை நாடி இம்மண்ணுக்கு வந்த நமக்கு இவ்விரு கட்டடங்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பிள்ளைகள் தமிழ் பயில ஓரிடமும், பெரியோர் கூடிப் பேச ஓரிடமும் நமக்கும் வேண்டும். அவற்றை எழுப்பச் செல்வர் உதவலாம். ஆனால் அன்றாடங் கூலிக்கு உழைக்கும் தமிழரும் தயங்காது உள்ளே வரக்கூடியனவாக அவை அமைதல் வேண்டும். அவர்கள் வந்து அமரும் நாளிலேயே நம் சங்கம் தன் பெயருக்கு உரியதாகும்.