சந்தா பெண்களிடம், பதவி யாரிடம்?

தோழர்களே, தொழிற்சங்க வரலாறு படிக்கும்போது 2015 செப்டம்பர் மாத மூணாறைத் தவறவிடாதீர்கள்.

கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெண்கள். பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலைக்குக் கொண்டுபோகப்பட்ட தலித் குடும்பங்களின் வாரிசுகள். நாள் கூலி 232 ரூபாய். குடியிருப்பு, நெருக்கடியான லயம். ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு என மூன்று சங்கங்களிலும் அவர்கள் சந்தா கட்டினார்கள். தலைமை ஆண்களிடமே இருந்தது.

20 சதவீத போனஸை நிர்வாகம் 10 சதவீதமாகக் குறைத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். முதலமைச்சர் உம்மன் சாண்டியுடன் அவர்களின் பிரதிநிதிகளே நேரில் பேசினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. பிறகு 500 ரூபாய் கூலி கேட்டு மீண்டும் இறங்கினார்கள். அக்டோபரில் 301 ரூபாய் ஆனது.

இதைச் சங்க எதிர்ப்பு என்று சிலர் எழுதினார்கள். சங்கத்தை வெறுப்பவர்கள் தாங்களே ஓர் அமைப்பைக் கட்டுவார்களா? உழைப்பவள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லாத சங்கத்தைத்தான் அவர்கள் மறுத்தார்கள். சாதியாலும் பாலினத்தாலும் பின்வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள்.

உங்கள் சங்கத்தில் கேளுங்கள்: நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள்? அவர்களில் தலித் பெண்கள் எத்தனை பேர்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார்? சமையல் முடித்துப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்கிறதா?