அந்நிய பாஷை: வத்திராயிருப்பு முதல் கல்கத்தா வரை

அந்நிய பாஷை என்றால் ஏதோ முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் ஒலிபெருக்கியோடு வந்து இறங்கிய சமாச்சாரம் என்றுதான் மதுரையில் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் தொடங்கி இங்கே வந்த சரக்கு என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. திருமங்கலம் ரோட்டில் போய், டி.கல்லுப்பட்டி தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1860லேயே அது கேட்டிருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜெபத்தின் உச்சத்தில் சிலருக்கு நாக்கு கட்டுக்கடங்காமல் ஓடும். பேசுவது போலவே இருக்கும், யாருக்கும் புரியாது. இது பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்பது பெந்தெகொஸ்தே சபைகளின் நம்பிக்கை. புதிய ஏற்பாட்டில் இதற்கு இரண்டு இடங்களைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் எருசலேமுக்கு வந்திருந்த பல தேசத்தாரும் அவரவர் தாய்மொழியைக் கேட்டுத் திகைக்கிறார்கள். அதாவது, எல்லோருக்கும் புரிகிறது. கொரிந்து சபையிலோ யாருக்கும் புரியவில்லை, வியாக்கியானம் செய்ய ஆள் வேண்டியிருக்கிறது. பவுல் அங்கே அதைத் தடுக்கவில்லை. ஆனால் சபையில் புரியாமல் பேசுகிற பதினாயிரம் சொல்லைவிடப் புரிகிற ஐந்து சொல் மேல் என்று எழுதுகிறார். பின்னால் வந்த சண்டைகள் அத்தனையும் இந்த இரண்டு படங்களுக்கு நடுவில்தான் நடந்தன.

முதலில் நம் ஊர்க் கதை. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் 1810ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833ல் இந்தியா வந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். குரோவ்ஸ் எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காதவர். பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் அவருடைய தங்கை கணவர். மிஷன் சம்பளம் என்பது கிட்டத்தட்ட சர்க்கார் உத்தியோகம் மாதிரி இருந்த காலத்தில், அருளப்பனும் சம்பளம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்று ஒரு கிராமத்தை உண்டாக்கி, விவசாயமும் போதனையுமாகக் கூட்டம் சேர்த்தார்.

1857 முதல் அமெரிக்காவிலும், 1859ல் அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரிலும் பெரிய எழுப்புதல்கள் நடந்தன. அந்தச் செய்திகள் இங்கேயும் வந்து சேர்ந்து, அதுபோல நமக்கும் வேண்டும் என்று ஜெபித்தார்கள். 1860 மே மாதத்தில் தொடங்கியது. ஆணும் பெண்ணும் அழுதார்கள், தரையில் விழுந்தார்கள், தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள். சிலர் அந்நிய பாஷையில் பேசினார்கள், அதற்கு வியாக்கியானமும் சொல்லப்பட்டது. இதையெல்லாம் அருளப்பனே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய குறிப்புகளை லாங் என்ற ஆங்கிலேயர் தொகுத்து 1939ல் புத்தகமாக வெளியிட்டார். இன்று பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொட்டில் என்று சொல்லப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருக் கூட்டம் நடந்தது 1906ல். நம்முடையது அதற்கு 46 வருஷம் மூத்தது.

அப்போதைய ஆங்கிலேய மிஷனரிகள் இதை எப்படிப் பார்த்தார்கள்? மனம் திரும்புதலையும், சம்பளமில்லாமல் கிராமங்களுக்குக் கிளம்பிய உற்சாகத்தையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். விழுவதையும் நடுங்குவதையும் புரியாத பேச்சையும் பார்த்துச் சங்கடப்பட்டார்கள். பக்கத்துக் கோவில் கொடையில் சாமியாடுபவரைப் பார்த்துப் பழகிய ஊர் இது. அது வேறு இது வேறு என்று எப்படிப் பிரித்துச் சொல்வது என்ற கவலை அவர்களுக்கு இருந்திருந்தால் வியப்பில்லை.

அந்தச் சங்கடத்துக்கு லண்டனில் ஒரு முன்கதையும் உண்டு. 1830ல் ஸ்காட்லாந்தில் மேரி கேம்பெல் என்ற நோயாளிப் பெண் புரியாத மொழியில் பேசினார். அது பசிபிக் கடலில் உள்ள பெலூ தீவுகளின் பாஷை என்று அவர் நம்பினார். சரிபார்க்க அந்தத் தீவுக்காரர் யாரும் அங்கே இல்லை! அடுத்த வருஷம் லண்டனில் எட்வர்டு இர்விங் என்ற பிரபலப் போதகரின் ஆலயத்திலும் இது தொடங்கி, ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. 1833ல் ஸ்காட்லாந்து சபை இர்விங்கின் குருப்பட்டத்தைப் பறித்தது. மறு வருஷம் அவர் இறந்துபோனார்.

அந்தக் கூட்டத்தில் ராபர்ட் பாக்ஸ்டர் என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். அவரே ஆவியில் பேசித் தீர்க்கதரிசனம் சொன்னவர். 1832 ஜனவரியில், இன்னும் 1260 நாளில் ஆண்டவர் வருவார் என்று அவர் வாயிலிருந்தே வந்தது. ஆனால் மற்ற தீர்க்கதரிசனங்கள் ஒவ்வொன்றாகப் பொய்த்தன. சில மாதங்களிலேயே அவர் விலகி, இர்விங்கிடம் நேரில் போய்ச் சொன்னார். இர்விங் ஏற்கவில்லை. நடந்ததையெல்லாம் பாக்ஸ்டர் 1833ல் புத்தகமாக எழுதிவிட்டார். மேரி கேம்பெல்லும் பிற்காலத்தில், தம் மனதில் தோன்றியதையே தேவனுடைய குரல் என்று சொல்லிவிட்டதாகத் தம் பழைய போதகருக்குக் கடிதம் எழுதினார்.

இதில் நான் கவனித்தது ஒன்று. பாக்ஸ்டர் வெளியே வந்த பிறகும் அதை மனித காரியம் என்று சொல்லவில்லை. ஒரு பொய்யான ஆவிதான் தம்மைப் பேச வைத்தது என்றார். தம்முடைய நாக்கு தாமாகவே அப்படி ஓடியிருக்க முடியும் என்று அவரால் நினைக்க முடியவில்லை. இன்றும் சபையைவிட்டு வந்தவர்கள் பலர் அந்த இடத்திலேயே நிற்கிறார்கள். தெய்வம் இல்லையென்றால் பேய், பேய் இல்லையென்றால் பித்தலாட்டம்.

அருளப்பனின் அலை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமும் போனது. 1873ல் திருவிதாங்கூரில் இன்னொரு எழுப்புதல். அதன் தலைவர் யுஸ்தூஸ் யோசேப்பு, வித்வான் குட்டி என்று பெயர் பெற்றவர். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி, குருப்பட்டம் பெற்றவர். நல்ல கவிஞர். அவருடைய மலையாளக் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறார்கள். 1875ல் மிஷன் சபையைவிட்டுப் பிரிந்தார்கள். ஆண்டவர் 1881ல் வருகிறார் என்று நாள் குறித்தார்கள். நாள் வந்தது, போனது. ஆவியில் வந்துவிட்டார் என்று விளக்கம் சொன்னார்கள். சிலர் அதோடு இருந்தார்கள், பலர் பழைய சபைக்கே திரும்பினார்கள். திரும்பியவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆசை. அதை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்?

இனி கல்கத்தா. அமெரிக்காவில் சார்லஸ் பார்ஹாம் என்பவர் 1901ல் ஒரு கொள்கையைச் சொன்னார். அந்நிய பாஷை என்பது உண்மையான வெளிநாட்டு மொழி. இதைப் பெற்றவர்கள் படிக்காமலே சீனத்துக்கும் இந்தியாவுக்கும் போய்ப் பிரசங்கம் செய்யலாம் என்றார். எருசலேம் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆல்பிரட் கார் என்ற போதகருக்கு 1906ல் அசூசா தெருவில் வங்காளி கிடைத்துவிட்டதாக நம்பிக்கை. மனைவியோடு கப்பலேறி, 1907ன் தொடக்கத்தில் கல்கத்தாவில் இருந்தார். வாயைத் திறந்தார். ஒரு வங்காளிக்கும் ஒன்றும் புரியவில்லை.

இதில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு நம்பியிருந்தால் கையில் ஒரு வங்காளி வார்த்தைகூட இல்லாமல் கடல் கடந்து வருவார்! சொன்னதைச் சோதனைக்கு வைத்த மனிதர் அவர். அதே வருஷம் ஹாங்காங் போனார். அங்கே மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் பேசினார். பார்ஹாமின் கொள்கை மெல்ல மெல்ல மறைந்து, இது மனிதருக்குப் பேசுவதற்கல்ல, தேவனைத் துதிப்பதற்கு என்று பெரும்பாலானவர்கள் மாற்றிக்கொண்டார்கள். எருசலேம் படத்திலிருந்து கொரிந்து படத்துக்கு வந்துவிட்டார்கள். அதே காலத்தில் புனேவுக்குப் பக்கத்தில் முக்தி மிஷன் நடத்திய பண்டித ரமாபாயின் இல்லத்திலும் 1905 முதல் எழுப்புதல், அந்நிய பாஷை எல்லாம் நடந்தன. அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் அபிஷேகத்துக்கு அது ஒன்றே அடையாளம் என்பதை ஏற்கவில்லை. இந்த நிதானம் பலருக்கு இருந்திருந்தால் நிறையக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். வில்லியம் சாமரின் என்ற மொழியியலாளர் பல நாடுகளில் கேட்டுப் பதிவு செய்து 1972ல் எழுதினார். பேச்சுக்குரிய ஏற்ற இறக்கம் உண்டு, சொல்லும் பொருளும் இலக்கணமும் இல்லை, ஒலிகள் பேசுபவருக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியிலிருந்தே வருகின்றன என்பது அவர் முடிவு. நான் மதுரையில் கேட்ட வரையில் ரகரமும் லகரமும் ஷகரமும் ஏராளம். 'ழ' ஒருமுறைகூட வந்ததில்லை. அவசரமாக ஓடும் நாக்குக்கு அது கஷ்டம்தானே.

அதே வருஷம் கில்டால் என்ற உளவியலாளர் ஒரு பதிவை வெவ்வேறு வியாக்கியானக்காரர்களுக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார். ஒருவர், பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காக ஜெபிக்கிறார் என்றார். இன்னொருவர், சபைக்கு நிதி நன்றாகச் சேர்ந்ததற்கு நன்றி சொல்கிறார் என்றார்.

தந்தி ஆபீசில் உழைத்தவனுக்கு இது போதும். எங்கள் காலத்தில் வாழ்த்துத் தந்திக்கு எண் மட்டும்தான் கம்பியில் போகும். அந்த எண்ணுக்கு உரிய வாக்கியத்தை அந்தப் பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். மானாமதுரையில் ஒரு வாக்கியம், மாயவரத்தில் வேறு வாக்கியம் என்று வந்தால் அது தந்தியே இல்லை. கட்டுக்கடா என்ற சத்தத்துக்கு உள்ளே செய்தி இருக்கிறதா என்பதற்கு ஒரே சோதனை, யார் பிரித்தாலும் அதே செய்தி வர வேண்டும்.

இன்னும் இரண்டு சோதனைகள். 1986ல் கனடாவில் ஸ்பானோஸ் என்பவரும் சகாக்களும் 60 பேருக்கு ஒரு நிமிஷம் இதைக் கேட்கச் சொல்லிப் பேச வைத்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உடனே சரளமாகப் பேசினார். கொஞ்சம் பயிற்சி கொடுத்த பிரிவில் பத்தில் ஏழு பேர் பேசினார்கள். 2006ல் அமெரிக்காவில் நியூபெர்க் குழு ஐந்து பெண்களின் மூளையைப் படம் எடுத்தது. பாஷை ஓடும்போது, நாமே நம்மை நடத்துகிறோம் என்ற கட்டுப்பாட்டோடு தொடர்புள்ள முன்பகுதியில் இயக்கம் குறைந்திருந்தது. முதல் சோதனை, இது கற்றுக்கொள்ளக்கூடியது என்கிறது. இரண்டாவது, நான் பேசவில்லை, தானாக வந்தது என்று சொல்பவர் பொய் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றவன், ஓட்டும்போது காலை நினைத்துக்கொண்டா மிதிக்கிறான்?

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு நண்பர். என்னைவிட நாலு வயது இளையவர். இருபத்திரண்டு வயதில் ஒரு சபையில் சேர்ந்து, மூன்று வருஷம் காத்திருப்புக் கூட்டங்களில் முழங்காலில் நின்றவர். கூட இருந்தவர்களுக்கெல்லாம் பாஷை வந்தது, இவருக்கு வரவில்லை. உள்ளே ஏதோ மறைத்த பாவம் இருக்கிறது என்றார்கள். இவரும் தேடித் தேடி, ஆறாம் வகுப்பில் திருடிய பென்சில் வரை அறிக்கை செய்தார். கடைசியில் ஒருவர் தலையில் கைவைத்து, அல்லேலூயாவை வேகமாகச் சொல், இன்னும் வேகமாகச் சொல் என்று உலுக்கினார். வந்துவிட்டது. எல்லோரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். அன்று கிடைத்த சந்தோஷம் போல் பிறகு வாழ்க்கையில் கிடைத்ததில்லை என்கிறார். பத்து வருஷம் கழித்து, ஒரு வியாக்கியானத்தை நம்பித் தங்கையின் கல்யாணத்தை முடித்து, அது முறிந்தபோது வெளியே வந்தார்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, அப்ப நான் அன்னைக்கு நடிச்சேனா?"

சபையில் இருப்பவர்கள் அவரைப் பின்வாங்கியவர் என்கிறார்கள். வெளியே இருப்பவர்கள் ஏமாற்றுக்காரர் கூட்டத்தில் இருந்தவர் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் அவர் குற்றவாளிதான். நாற்பது வருஷமாக இதைச் சுமக்கிறார் மனிதர்.

நான் சொன்னது இதுதான். நீங்கள் நடிக்கவில்லை. உங்களுக்குப் பேயும் பிடிக்கவில்லை. அழுகை வந்தால் எப்படித் தானாக விம்முகிறோமோ, அதுபோல நாக்கு ஓடியது. அதற்கு முன்னால் மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு அது பழகியிருந்தது. அந்தச் சந்தோஷம் உங்களுடையது, அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் தங்கைக்கு மாப்பிள்ளை இவன்தான் என்று இன்னொருவர் அதிலிருந்து பிரித்துச் சொன்னாரே, கணக்குக் கேட்க வேண்டிய இடம் அது. சத்தம் எழுப்பியவரைவிட, அதற்கு அர்த்தம் சொன்னவருக்கே பொறுப்பு அதிகம்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பென்சில் திருடுனது மட்டும் நெசம்ணே" என்றார்.

நம்புகிறவர்கள் யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. தனியாக முழங்காலில் நின்று ஒருவர் எந்த ஒலியில் ஜெபித்தாலும் அது அவருக்கும் கடவுளுக்கும் உள்ள காரியம். அருளப்பன் 1867ல் காலமானார். சம்பளமில்லாமல் ஒரு கிராமத்தை நிறுத்திக் காட்டியவரைப் பாஷைக்காக மட்டுமே நினைப்பது நியாயமில்லை. அந்தக் கதையை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.