பணிமூப்புப் பட்டியலில் ஒரு பெயர்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவிகளிடம் சி.பி. முத்தம்மா யார் என்று கேட்டால் பதில் உடனே வரும்: இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண், ஆண்டு 1949. சேர்ந்த பிறகு என்ன ஆனார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நம்முடைய பொது அறிவுப் புத்தகங்கள் ‘முதல் பெண்’களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. உள்ளே போனவர் எந்தப் படியில் நிறுத்தப்பட்டார், யாரெல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள், அதை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்பதெல்லாம் ஒரு மதிப்பெண் கேள்விக்குள் அடங்காது. எனக்கு முத்தம்மாவின் கதையில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டாம் பகுதிதான். வேலைக்குப் போவதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வேலையில் தேங்கிப்போவதைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

முத்தம்மா 1924இல் குடகின் விராஜ்பேட்டையில் பிறந்தவர். வனத்துறை அதிகாரியான தந்தை இவருடைய ஒன்பதாவது வயதில் இறந்துபோனார். நான்கு பிள்ளைகளையும் படிக்க வைத்தவர் தாய். மடிக்கேரியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பட்டம், பிறகு மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. 1948இல் குடிமைப் பணித் தேர்வு எழுதித் தேறினார். நேர்காணலில் தேர்வாணைய உறுப்பினர்கள், வெளியுறவுப் பணி பெண்ணுக்குத் தோதுப்படாது என்று சொல்லி அவரைத் திருப்பிவிடப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகே சேர முடிந்தது.

அந்த உறுதிமொழி வாய்வழக்கமாக இருந்து மறைந்துபோன ஒன்றல்ல. 1961இல் அதை முறையான விதியாகவே எழுதிவைத்தார்கள். ஒரு விதி, வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும் என்றது. திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடையூறாக இருக்கும் என்று அரசு கருதினால், எப்போது வேண்டுமானாலும் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம். இன்னொரு விதி, மணமான எந்தப் பெண்ணும் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. ஆண் அதிகாரியின் குடும்பப் பொறுப்புகள் குறித்து இப்படி ஒரு வரியும் இல்லை. அரசு வேலையில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு சொல்லிப் பதினொரு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட விதிகள் இவை.

இது இந்தியாவின் தனிக் கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டன் தன் தூதரகப் பணியைப் பெண்களுக்குத் திறந்ததே 1946இல்தான். மணமானால் விலக வேண்டும் என்ற தடை அங்கே 1973 வரை இருந்தது. அமெரிக்க வெளியுறவுப் பணியிலும் 1970களின் தொடக்கம் வரை அதே வழக்கம். விடுதலை பெற்ற நாடு, ஆண்டவர்களின் நாற்காலிகளோடு இந்த வழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1951இல் ஐ.ஏ.எஸ். தேர்வில் தேறிய அன்னா ராஜமிடம் தேர்வாணையம் வெளியுறவுப் பணியோ மத்திய அரசின் வேறு பணிகளோதான் பெண்ணுக்குப் பொருத்தம் என்றது. முத்தம்மாவிடம் பொருந்தாது என்று சொல்லப்பட்ட அதே வெளியுறவுப் பணி, சில ஆண்டுகளில் இன்னொரு பெண்ணுக்குப் பொருத்தமானதாக மாறிவிட்டது! அவர் மறுத்துச் சென்னை மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய நியமன ஆணையிலும் திருமணமானால் பணி முடியும் என்ற நிபந்தனை இருந்தது. முதலமைச்சராக இருந்த ராஜாஜி, பெண்ணைக் களப்பணிக்கு அனுப்பத் தயங்கித் தலைமைச் செயலகத்தில் வைத்துக்கொள்ள நினைத்தார். குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றிருந்த அன்னா ராஜம் வாதாடி ஓசூரில் சார் ஆட்சியர் ஆனார். களப்பணி இல்லாதவருக்குப் பின்னாளில் பெரிய பொறுப்புகள் தட்டிப்போகும் என்பது இப்பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். தேக்கம் பல நேரங்களில் முதல் ஆண்டிலேயே, ‘உங்களுக்கு வசதியாக இருக்கட்டும்’ என்ற சொல்லோடு தொடங்கிவிடுகிறது.

அந்தச் சொல்லை நானும் கேட்டிருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் துறைத் தலைவர் பொறுப்பு வரிசைப்படி எனக்கு வந்திருக்க வேண்டும். “சின்னப் பிள்ளை இருக்குதேம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்” என்று என்னைவிட ஆறு ஆண்டு இளையவரிடம் கொடுத்தார்கள். அவருக்கும் கைக்குழந்தை இருந்தது. யாரும் கோபமாகப் பேசவில்லை, யாரும் அவமதிக்கவில்லை. கரிசனமாகச் சொல்லப்படுவதால் இதை எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை.

முத்தம்மாவின் தேக்கத்தை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தேக்கமாகவே தெரிந்திருக்காது. முதல் பணியிடம் பாரிஸ். 1970இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். பணித்தேர்வு வழியாக வந்த பெண்களில் தூதரான முதல்வர் அவர். பிறகு கானாவுக்கும் தூதராக இருந்தார். ஊருக்கு அவர் வெற்றி பெற்ற பெண். ஆனால் தூதர் என்ற பெயர் ஒன்று, பணியின் உள்ளே இருக்கும் தரநிலை வேறு. வெளியுறவுப் பணியின் உச்சத்தில் இருந்த முதலாம் தரநிலைக்கு உயர்த்தும் பட்டியல் வந்தபோது, அவர் தகுதி போதாதவர் என்று ஒதுக்கப்பட்டார். அவருக்குப் பின் சேர்ந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

இந்த இடத்தில் அரசு அலுவலகங்களில் உயர்வு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கீழ்ப் படிகளில் பெரும்பாலும் பணிமூப்பு வரிசையில் ஆள் நகரும். மேலே போகப் போகத் ‘தெரிவு’ வந்துவிடும். தெரிவுக்கு அடிப்படை, மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மந்தணக் குறிப்பு. முன்பெல்லாம் பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே ஊழியருக்குச் சொன்னார்கள். ‘நன்று’ என்று எழுதியிருந்தால் அது பாதகம் இல்லை, அதனால் சொல்லவில்லை. ஆனால் உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும் என்றிருந்தால், அந்த ‘நன்று’ ஒன்றே கதவை அடைத்துவிட்டது. ஏன் நின்றோம் என்று தெரியாமலே ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும் நிலை இருந்தது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் சொன்னது 2008இல்தான்.

முத்தம்மாவின் காலத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் மறைக்க முடியாத ஒன்று இருந்தது: பணிமூப்புப் பட்டியல். யார் எந்த ஆண்டு சேர்ந்தார், இன்று எங்கே இருக்கிறார் என்பது அதில் தெரியும். ‘என்னிடம் ஏதோ குறை இருக்கிறது போல’ என்ற உள்மனக் குமைச்சலை, ‘எனக்குப் பின்னால் வந்த இன்னின்னார் எனக்கு மேலே இருக்கிறார்கள்’ என்ற கணக்காக மாற்ற அது உதவும். முதலாவது இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவதை மனுவில் எழுதலாம்.

அவர் எழுதினார். பணியில் இருந்துகொண்டே, தன் அமைச்சகத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தனக்கு உயர்வு மறுக்கப்பட்டதை மட்டும் அவர் கேட்கவில்லை. நேர்காணலில் நடந்தது, எழுதிக் கொடுத்த உறுதிமொழி, 1961 விதிகள், பெண்கள்மீது நெடுநாளாக இருந்த பகைமை என எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாக வைத்தார். அவர் திருமணமே செய்துகொள்ளாதவர். மணமான பெண்ணைத் தடுக்கும் விதி அவர்மேல் நேராகப் பாயவில்லை. ஆனாலும் அந்த விதியை எழுதிய மனம்தான் தன் தகுதியையும் அளக்கிறது என்பது அவருடைய வாதம். நிபந்தனையை ஏற்று, அதற்கான விலையைக் கொடுத்த பெண்ணுக்கும் படி திறக்கவில்லை.

வழக்கு நடக்கும்போதே அரசு அசைந்தது. சில மாதங்களுக்கு முன் போதாமலிருந்த தகுதி இப்போது போதுமானதாகிவிட்டது. உயர்வு கொடுத்து, நெதர்லாந்துக்குத் தூதராக ஹேக் நகரத்துக்கு அனுப்பினார்கள். மணமான பெண்ணின் நியமன உரிமையை மறுத்த விதி 1973இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்றும், மற்றதும் நீக்கப்படவிருக்கிறது என்றும் நீதிமன்றத்தில் தெரிவித்தார்கள்.

1979 செப்டம்பர் 17 அன்று நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யரும் பி.என். சிங்காலும் தீர்ப்பளித்தார்கள். கிருஷ்ணய்யர் எழுதிய அத்தீர்ப்பு மூன்று நான்கு பக்கம்தான் வரும், மாணவிகள் தேடிப் படிக்க வேண்டும். குடும்பச் சுமை பெண் அதிகாரியின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆண் அதிகாரியின் வேலையையும் கெடுக்கலாமே என்று அது கேட்டது. மணமான ஆணுக்கு ஓர் உரிமை இருந்தால், மற்றவை சமமாக இருக்கையில், மணமான பெண்ணுக்கும் அது உண்டு என்றது. இடைப்பட்ட மாதங்களில் இளையவர்கள் முந்தியதால் குலைந்த பணிமூப்பை மறுபரிசீலனை செய்ய அரசை ஒப்புக்கொள்ள வைத்தது. உயர்வு கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளுபடி செய்தது, ஆனால் பிரச்சினை தள்ளுபடியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

தீர்ப்பின் எல்லையையும் பார்க்க வேண்டும். எல்லா வேலைகளிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று அடித்துச் சொல்ல அது முன்வரவில்லை. சில வேலைகளின் தன்மையைப் பொறுத்து வேறுபாடு தேவைப்படலாம் என்று ஒரு சந்து விட்டுவைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1981இல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த நர்கேஷ் மீர்சா வழக்கில் அதே நீதிமன்றம், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை ரத்து செய்தது. ஆனால் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை நியாயம் என்று விட்டுவிட்டது. ராணுவத்தில் குறுகிய காலப் பணியிலேயே நிறுத்தப்பட்டிருந்த பெண் அதிகாரிகள், நிரந்தரப் பணியுரிமைக்கான தீர்ப்பை 2020இல் பெற்றபோதும் அவர்கள் எதிர்கொண்ட அரசுத் தரப்பு வாதங்களில் குடும்பப் பொறுப்பு இருந்தது.

முத்தம்மா 1982இல் ஓய்வு பெற்றார். வெளியுறவுச் செயலர் ஆகவில்லை. ஆயுதக் குறைப்புக்காக ஓலோஃப் பால்மே தலைமையில் அமைந்த பன்னாட்டுக் குழுவில் இந்தியாவிலிருந்து உறுப்பினராக இருந்தார். நிர்வாகத்தைப் பற்றி ஒரு நூலும், குடகுச் சமையலைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். சோகிலா ஐயர் முதல் பெண் வெளியுறவுச் செயலராக 2001இல் பொறுப்பேற்றார், அதாவது தீர்ப்புக்கு 22 ஆண்டுகள் கழித்து. 2009இல் நிருபமா ராவ் அப்பதவிக்கு வந்த சில மாதங்களில், அக்டோபரில், முத்தம்மா பெங்களூரில் காலமானார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை நடைமுறை சார்ந்தவை. நம்மோடு சேர்ந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பட்டியலைப் பார்க்க வேண்டும். வாய்மொழிக் கரிசனத்துக்கு எழுத்தில் பதில் கேட்க வேண்டும். எந்த விதியின்படி என்று கேட்க வேண்டும். அரசு அலுவலகங்களில் இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் பட்டியலே இல்லாத பெண்களை என்ன செய்வது? கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்தச் செவிலியர், தனியார் பள்ளி ஆசிரியை இவர்களுக்கு மூப்பு வரிசையும் இல்லை, மறுக்கப்பட்டது என்று காட்ட ஓர் உயர்வும் இல்லை. அங்கே முதல் கோரிக்கை அந்தப் பட்டியலாகத்தான் இருக்க முடியும்.

ஒவ்வொரு மனுவாக வரும்வரை காத்திருக்காமல், பெண் ஊழியர்மேல் தாராளம் காட்டுவதாக நினைக்காமல், எல்லாப் பணி விதிகளையும் அரசு தானாகவே திருத்த வேண்டும் என்று 1979 தீர்ப்பு வலியுறுத்தியது. அதன் பிறகும் ஒவ்வொரு துறையிலும் ஒரு பெண் மனுவோடு போக வேண்டியிருந்தது. போனவர்களின் பெயர்களை நாம் வாசலோடு விட்டுவிடாமல், வழக்கோடும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.